பாடி மாறலாம், சேஸிஸ் மாறக் கூடாது

இத்தாலியின் மாரனெல்லோவில் ஃபெராரி 1960களின் முற்பகுதியில் இரண்டு கார்களைக் கட்டியது. ஒன்று 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36 கார்கள். இன்னொன்று 250 எல்.எம். மொத்தம் 32. இரண்டையும் கிராண்ட் டூரிங் (ஜி.டி.) வகுப்பில் ஓட்டத்தான் ஃபெராரி ஆசைப்பட்டது. அந்த வகுப்பின் விதியோ, பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரே மாதிரியாக 100 கார்களாவது கட்டியிருக்க வேண்டும் என்றது. 36 கட்டிய வண்டிக்கு அனுமதி கிடைத்தது. 32 கட்டிய வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய பந்தயக் கார்களில் ஆர்வம் வந்த எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: அது எப்படி?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றி வந்துதான் பதில் சொல்ல முடியும்.

பந்தயத்தில் ஒரு காரை இறக்குவதற்கு முன் அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். அந்த வேலையை உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. செய்தது. கார் கட்டியவர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். எஞ்சின் எத்தனை சி.சி., முன், பின் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் (வீல்பேஸ்), எடை எவ்வளவு, கியர்பாக்ஸ் என்ன, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள் என எல்லாம் அதில் இருக்கும். ஒத்துக்கொண்டால் அந்த மாடல் ஹோமோலகேஷன் பெற்றதாகக் கணக்கு. அதன்பின் படிவத்தில் உள்ளதுதான் அந்தக் கார். ஏதாவது மாற்றினால் அதற்குத் துணைப் படிவம் போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

1961 வரை இந்தப் படிவத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. உலகப் பட்டம் முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டிய ஸ்போர்ட்ஸ் கார்களிடம் இருந்தது. 1962 முதல் அந்தப் பட்டத்தை கிராண்ட் டூரிங் கார்களுக்கு மாற்றினார்கள். கடையில் விற்கும் வண்டிகள் மோதிக்கொள்ளட்டும், பந்தயம் சாலைக்கு நெருக்கமாக வரட்டும் என்பது எண்ணம். 100 என்ற எண்ணிக்கை அதற்கான காவல். ஒரே ஒரு அசுர வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, இதுவும் நாங்கள் விற்கிற கார்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா?

ஆனால் அதே விதியில் ஓர் இடைவெளி இருந்தது. சேஸிஸும் எஞ்சினின் அடிப்படையும் படிவத்தில் உள்ளபடி இருக்க வேண்டும், பாடியை மாற்றிக்கொள்ளலாம். இன்று படிக்கும்போது ஏமாளித்தனமான விதியாகத் தெரியும். அன்று அதற்கு நியாயம் இருந்தது. ஐரோப்பாவில் நல்ல கார் வாங்குகிறவர்கள் சேஸிஸை ஒருவரிடம் வாங்கி, பாடி கட்ட இன்னொருவரிடம் கொடுப்பது நீண்ட நாள் வழக்கம். மிலானில் ஸகாட்டோ, டூரிங் ஆகிய பட்டறைகளும் டூரினில் பெர்டோனே, பினின்ஃபரீனா ஆகியவையும் அப்படித்தான் பெயர் வாங்கின. நம்மூரில் வெறும் சேஸிஸாக வரும் பேருந்துக்குக் கரூரில் பாடி கட்டுகிறார்களே, அதே ஏற்பாடுதான். பட்டறைக்குப் பட்டறை பாடி மாறினாலும் பேருந்தின் கம்பெனி மாறுவதில்லை. விதி எழுதியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்: உள்ளே இருப்பது வண்டி, மேலே இருப்பது போர்வை. அந்தப் போர்வையே பந்தயத்தை ஜெயித்துத் தரும் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

ஃபெராரியின் கணக்கில் வந்தது. 1959 முதல் அவர்கள் விற்றுவந்த 250 ஜி.டி. குட்டை வீல்பேஸ் பெர்லினெட்டா ஏற்கெனவே ஹோமோலகேஷன் பெற்றிருந்தது. 100ஐத் தாண்டி விற்றும் இருந்தது. அழகான கார். ஆனால் அதன் மூக்கு மொண்ணை. வேகம் ஏற ஏறக் காற்று அதை முன்னால் தடுத்ததோடு, மூக்கைத் தூக்கவும் செய்தது. ஜியோட்டோ பிஸ்ஸாரினி என்ற பொறியாளர் அதே 2,400 மில்லிமீட்டர் வீல்பேஸ், அதே மூன்று லிட்டர் வி12 எஞ்சின் குடும்பம், அதே உறுதியான பின் அச்சு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மேலே வேறொரு பாடியைத் திட்டமிட்டார். எஞ்சினின் அடியில் தொங்கும் ஆயில் தொட்டியை எடுத்துவிட்டு டிரை சம்ப் முறை வைத்தார். அதனால் எஞ்சின் தாழ்ந்து உட்கார்ந்தது, பானெட்டும் தாழ்ந்தது. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயைச் சிறிதாக்கி, மெதுவான வேளைகளில் குளிர்ச்சி போதாவிட்டால் திறந்துகொள்ள மேலே மூன்று சிறு மூடிகள் வைத்தார்கள். ஜி.டி.ஓ.வின் மூக்கில் தெரியும் அந்த மூன்று அரைவட்டங்களை அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அலங்காரம் இல்லை, சுவாசம்.

1961 நவம்பரில் ஃபெராரி ஆலையில் பெரிய சண்டை வந்து பிஸ்ஸாரினி உட்படப் பல மூத்தவர்கள் வெளியேறினார்கள். அப்போது இளைஞராக இருந்த மௌரோ ஃபோர்கியெரி பொறியியலைக் கவனிக்க, செர்ஜியோ ஸ்காலியெட்டியின் பட்டறை அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி பாடியை முடித்தது. 1962 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஃபில் ஹில், ஒலிவியே ஜாந்தெபியன் இருவரும் அந்தக் காரை மொத்தத்தில் இரண்டாவதாகவும் ஜி.டி. வகுப்பில் முதலாவதாகவும் கொண்டுவந்தார்கள். எஃப்.ஐ.ஏ.யின் தாளில் அது புதுக் காராகப் பதிவாகவில்லை. பழைய 250 ஜி.டி.யின் படிவத்தோடு சேர்ந்த ஒரு நீட்சி, அவ்வளவுதான். 36 கட்டியும் அனுமதி கிடைத்த ரகசியம் இதுவே.

100 கார் இருப்பதுபோல் காட்டுவதற்காக நிறுவனர் என்ஸோ ஃபெராரி சேஸிஸ் எண்களை வேண்டுமென்றே இடைவெளி விட்டுப் போட்டார் என்றொரு கதை பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கேட்க ருசியாக இருக்கும். ஆனால் ஃபெராரியில் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண், பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண் என்பது அந்தக் காலத்துப் பொது வழக்கம். ஒரே ஒற்றைப்படை வரிசையை எல்லாச் சாலை மாடல்களும் பங்கு போட்டுக்கொண்டன. எனவே ஜி.டி.ஓ.வின் எண்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு: முழுப் பந்தய வண்டியான ஜி.டி.ஓ.வுக்கு ஒற்றைப்படை எண் கொடுத்திருக்கிறார்கள். இது சாலைக் கார் என்ற வாதம் சேஸிஸில் அடித்த எண்ணிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த விதியின் வேடிக்கையான முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1962இல் பிரான்ஸில் நடந்த லே மான்ஸ் பந்தயத்துக்குப் போக வேண்டும். ஜியோவானி வோல்பி என்ற இளம் பிரபு, ஃபெராரியை விட்டு வெளியேறியவர்களுக்குப் பண உதவி செய்தார். என்ஸோ கோபத்தில் அவருக்கு ஜி.டி.ஓ. விற்க மறுத்துவிட்டார். வோல்பி தன்னிடமிருந்த குட்டை வீல்பேஸ் பெர்லினெட்டா ஒன்றை பிஸ்ஸாரினியிடமே கொடுத்தார். பியரோ ட்ரோகோவின் பட்டறையில் அதற்கு ஒரு புதுப் பாடி கட்டினார்கள். தரையோடு ஒட்டிய மூக்கு. கூரை சரியாமல் பின்னால்வரை அப்படியே போய்ச் செங்குத்தாக வெட்டி நிற்கும். ரொட்டி விற்கும் வேன்போல இருக்கிறது என்று ஆங்கிலேயர் பெயர் வைத்துவிட்டார்கள். ‘பிரெட்வேன்’ என்ற அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

சேஸிஸ் ஹோமோலகேஷன் பெற்றது. எஞ்சின் குடும்பமும் அப்படியே. பாடி மட்டும் வேறு. ஜி.டி.ஓ. செய்ததும் இதுதானே? ஆனாலும் லே மான்ஸில் அதை ஜி.டி. வகுப்பில் சேர்க்காமல் சோதனைக் கார்களின் வகுப்பில் தள்ளினார்கள். ஐந்து கியர் ஜி.டி.ஓ.க்களுக்கு எதிராக நாலே கியரோடு ஓடிய அந்த வண்டி, நான்கு மணி நேரம் கழித்து டிரைவ் ஷாஃப்ட் உடையும்வரை அவற்றுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. என் பார்வையில் இது அநியாயமான தீர்ப்பு. ஆலை செய்தால் நீட்சி, வெளிப் பட்டறை செய்தால் புது வண்டி என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1963இல் பிரிட்டனின் ஆஸ்டன் மார்ட்டின் ‘ப்ராஜெக்ட் 214’ என்று இரண்டு கார்கள் கட்டியது. டி.பி.4 ஜி.டி. மாடலின் எண் வரிசையிலேயே அவற்றுக்கும் எண் கொடுத்தார்கள். தாழ்ந்த, நீண்ட, வால் வெட்டிய பாடி. அதுவரை பரவாயில்லை. ஆனால் அடியில் இருந்த சேஸிஸ் டி.பி.4 ஜி.டி.யின் சேஸிஸ் இல்லை. எடை குறைத்துப் புதிதாகச் செய்த வேறு சேஸிஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் மோன்ஸாவில் ராய் சால்வடோரி அதில் ஏறி, ஃபெராரியின் சொந்த மண்ணிலேயே ஜி.டி.ஓ.வைத் தோற்கடித்தார். அருமையான ஓட்டம். அடுத்த ஆண்டு எஃப்.ஐ.ஏ. தகுதியை மறுத்துவிட்டது. பாடியை எவ்வளவு மாற்றியிருந்தாலும் விட்டிருப்பார்கள். சேஸிஸைத் தொட்டது தப்பாகிவிட்டது. அந்தக் காரை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் மறுத்தது சரி என்றே சொல்வேன்.

விதியை அதன் எழுத்துக்குள்ளேயே நின்று மிக அழகாகப் பயன்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். டெக்ஸஸ்காரரான கெரோல் ஷெல்பி, பிரிட்டனின் ஏ.சி. சேஸிஸில் 4.7 லிட்டர் ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்து கோப்ரா என்று விற்றார். 100க்கு மேல் விற்றார், ஹோமோலகேஷனும் வாங்கிவிட்டார். குறுகிய வளைவுகள் நிறைந்த தடங்களில் அதைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் அது மேற்கூரை இல்லாத வண்டி. லே மான்ஸின் நீண்ட நேர்ச்சாலையில் மணிக்கு சுமார் 255 கிலோமீட்டரைத் தொட்டதும் காற்றுச் சுவரில் முட்டி நின்றுவிடும். ஜி.டி.ஓ. அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. அந்தத் தடையைத் தள்ளுவதற்கான திறனோ மும்மடியாகக் கூடுகிறது. 255இலிருந்து 290க்குப் போக வேண்டுமானால் வேகம் ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதே பாடியோடு போக எஞ்சினிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். அவ்வளவு பெரிய எஞ்சினுக்குப் படிவத்தில் இடமில்லை. பாடிக்கு இருந்தது.

ஷெல்பியிடம் வேலை பார்த்த பீட் ப்ராக் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். போருக்கு முந்தைய ஜெர்மானிய ஆய்வுகளை, குறிப்பாக வூனிபால்ட் காம் என்பவரின் கருத்துகளை அவர் படித்திருந்தார். காற்று ஒரு பொருளைத் தழுவிச் சென்று அலையாமல் பிரிய வேண்டுமானால் அந்தப் பொருளுக்கு மிக நீளமான கூம்பு வால் வேண்டும். காரில் அது சாத்தியமில்லை. வாலைப் பாதியில் அவசரமாகக் குறுக்கினாலோ காற்று பிய்த்துக்கொண்டு சுழலும். காம் சொன்னது இது: மெதுவாகச் சரித்துக்கொண்டே வாருங்கள், ஓரளவு சுருங்கியதும் நேராக வெட்டிவிடுங்கள், இல்லாத வால் இருப்பதுபோலவே காற்று நடந்துகொள்ளும். பார்வைக்கு முரட்டு வெட்டு, ஆனால் வேலை செய்யும். ஆல்ஃபா ரோமியோவின் சிறிய ஜூலியெட்டாவுக்கு ஸகாட்டோ முதலில் உருண்டை வாலும் பிறகு வெட்டு வாலும் வைத்ததற்கும் இதுவே காரணம்.

ப்ராக் வரைந்த வடிவத்தை ஷெல்பியின் பட்டறையிலேயே பலர் நம்பவில்லை. ஓட்டுநர் கென் மைல்ஸ் நம்பினார். ரிவர்சைட் தடத்தில் அவர் சோதனைக்கு ஓட்டியபோது, திறந்த கோப்ராவைவிட ஒரு சுற்றுக்குச் சில நொடிகள் குறைந்தன. சேஸிஸ் அதே, எஞ்சின் அதே. ‘டேட்டோனா கூப்பே’ என்று பெயர் பெற்ற அந்த வண்டியை மொத்தம் ஆறுதான் கட்டினார்கள். முதலாவதை கலிஃபோர்னியாவில் முடித்தார்கள். மீதி ஐந்துக்கும் பாடி கட்டியது எங்கே தெரியுமா? மோடேனாவில். ஃபெராரியின் வாசலிலேயே, ஒரு இத்தாலியப் பட்டறையில், ஃபெராரியைத் தோற்கடிக்கும் பாடிகள் உருவாயின. கைவேலை என்பதால் அவற்றின் கூரை முதல் வண்டியைவிடச் சற்று உயர்ந்துவிட்டது. இன்று ஒரு டேட்டோனா கூப்பேயின் படத்தைப் பார்த்து அது முதலாவதா, பின்னால் வந்ததா என்று சொல்ல அந்த உயரம் உதவுகிறது.

1964 லே மான்ஸில் டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும் அதில் மொத்தத்தில் நான்காவதாக வந்தார்கள், ஜி.டி. வகுப்பில் ஃபெராரிகளுக்கு முன்னால். 1965 ஜூலை 4 அன்று பிரான்ஸின் ரீம்ஸில் உலக ஜி.டி. பட்டம் ஷெல்பியின் கைக்கு வந்தது. ஆறே பாடிகள். ஜி.டி.ஓ. திறந்த கதவு வழியாகத்தான் அவர்களும் உள்ளே வந்தார்கள். ஜாகுவாரும் தன் ஈ டைப்பின் எஃகு உடலை அலுமினியத்தில் செய்து, 12 கார்களோடு அதே வழியில் நுழைந்திருந்தது.

இப்போது 250 எல்.எம். விஷயத்துக்கு வரலாம். 1963 பாரிஸ் கண்காட்சியில் ஃபெராரி அதைக் காட்டியது. 250 என்ற எண் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பன்னிரண்டால் பெருக்கினால் மூன்று லிட்டர். ஆனால் விற்பனைக்கு வந்த எல்.எம்.களில் 3.3 லிட்டர் எஞ்சின் இருந்தது. நியாயமாக 275 என்று அழைத்திருக்க வேண்டும். 250 என்ற பெயரை ஒட்டவைத்ததும், ஒற்றைப்படை சேஸிஸ் எண் கொடுத்ததும், இதுவும் பழைய 250 ஜி.டி.யின் வளர்ச்சிதான் என்று எஃப்.ஐ.ஏ.யை ஏற்கவைக்கத்தான். வீல்பேஸ்கூட அதே 2,400. ஆனால் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது! முன்னால் எஞ்சின் வைத்த ஒரு காரின் பாடி மாற்றம் என்று இதை எந்த அதிகாரியும் கையெழுத்திட முடியாது. சேஸிஸே வேறு என்பதால் 100 கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த 100 இல்லை. 1964இல் மறுத்தார்கள்.

என்ஸோ கொதித்துப்போனார். தன் பக்கம் நிற்கவில்லை என்று இத்தாலிய மோட்டார் சங்கத்தின் மேல் கோபம். அந்த ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்களில் இத்தாலியின் சிவப்பு நிறத்தை விட்டுவிட்டு, அமெரிக்காவின் நீலமும் வெள்ளையும் பூசிக் கார்களை ஓட்டவிட்டார். ஜான் சர்ட்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த நீலக் காரில்தான். புகைப்படத்தைப் பார்த்து இது ஃபெராரியா என்று குழம்புகிறவர்களுக்கு விளக்கம், ஒரு ஹோமோலகேஷன் தகராறு.

எல்.எம். வேறு வழியில்லாமல் சோதனைக் கார்களுக்கான புரோட்டோடைப் வகுப்பில் ஓடியது. 1965 லே மான்ஸில் பெரிய புரோட்டோடைப்கள் எல்லாம் பழுதாகி விழ, அமெரிக்க அணி ஒன்றின் எல்.எம். காரில் யோகன் ரிண்ட்டும் மாஸ்டன் கிரெகரியும் மொத்தப் பந்தயத்தையும் வென்றுவிட்டார்கள். ஜி.டி. வகுப்பில் அனுமதி கிடைக்காத கார் என்று இன்று அதை யாரும் சொல்வதில்லை. லே மான்ஸை வென்ற கார் என்றுதான் பெயர். 2025 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் ஏறக்குறைய 35 மில்லியன் யூரோவுக்குப் போனது.

அதற்குப் பிறகு எஃப்.ஐ.ஏ. விதிகளை இறுக்கியது. 1966இல் ஜி.டி.க்கு 500 கார் என்றார்கள். பந்தய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 50 என்று வைத்து, பிறகு 25 ஆக்கினார்கள். நேரில் வந்து எண்ணவும் ஆரம்பித்தார்கள். 1969இல் போர்ஷே 917ஐப் பார்க்க வந்தவர்கள் முடிந்த கார்கள் சிலதான் என்று முதலில் திருப்பிவிட, ஏப்ரலில் போர்ஷே 25 கார்களையும் ஆலை வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டியது.

இதெல்லாம் பழங்கதைதானே என்று தோன்றலாம். இன்றும் நடைமுறையில் இருக்கிற விஷயம் இது. இங்கிலாந்தின் குட்வுட்டிலும் பிரான்ஸின் லே மான்ஸ் கிளாசிக்கிலும் இந்தக் கார்கள் இப்போதும் பந்தயம் ஓடுகின்றன. பழைய கார்ப் பந்தயங்களுக்கென்றே எஃப்.ஐ.ஏ. தனி விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் உண்டு. 1962 முதல் 1965 வரை ஒரு காலப்பிரிவு. அந்தப் பிரிவில் ஓட வேண்டுமானால் அந்த மாடல் அந்தக் காலத்தில் எந்த வடிவத்தில் சர்வதேசப் பந்தயம் ஓடியதோ அதே வடிவத்தில் இருக்க வேண்டும். அன்று பாடியைத் தாராளமாக விட்டவர்கள் இன்று பாடியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காலத்துக்குப் பிந்திய ஸ்பாய்லரோ அகன்ற சக்கர வளைவோ இருந்தால் தகுதி போச்சு.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாஸ்போர்ட், கார் சரியான வடிவத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அது அசல் கார் என்று சொல்வதில்லை. நேற்றுக் கட்டிய நகல்கூட அளவுகள் சரியாக இருந்தால் பாஸ்போர்ட் வாங்கலாம். அசலா, நகலா என்பது சேஸிஸ் எண், பழைய பந்தயப் பதிவுகள், புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்துத் தீர்க்க வேண்டிய வேறு விஷயம். வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குடும்பங்களுக்காக விற்ற நான்கு இருக்கை 250 ஜி.டி.இ. கார்கள் பலவற்றின் சேஸிஸை வெட்டிக் குறுக்கி, மேலே ஜி.டி.ஓ. பாடி கட்டியிருக்கிறார்கள். எத்தனையோ நல்ல ஜி.டி.இ.க்கள் அப்படி அழிந்தன என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஜி.டி.ஓ. பாடியின் மதிப்பு வேறு எங்கெல்லாமோ போய்விட்டது. 2019இல் இத்தாலியின் போலோன்யா நீதிமன்றம், ஜி.டி.ஓ.வின் உருவம் ஒரு கலைப்படைப்பு, அதை மற்றவர்கள் நகலெடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எஃப்.ஐ.ஏ.யின் தாளில் பழைய மாடலின் நீட்சி என்று பதிவான அதே உருவம்.

அப்படியானால் எந்த உருவம்? 1964இல் ஃபெராரி ஜி.டி.ஓ.வுக்கே புதுப் பாடி வைத்தது. அகலம் கூடி, உயரம் குறைந்து, கூரை எல்.எம்.மின் கூரையைப் போல் ஆனது. அப்படிப் புதிதாகக் கட்டியது மூன்று. பழைய பாடியைக் கழற்றி மாற்றியது நான்கு. அந்த நான்கில் ஒன்று 3413 என்ற எண்ணுள்ள கார். 1962இல் ஒரு முகம், 1964இல் இன்னொரு முகம். மாற்றியது அதே ஸ்காலியெட்டி பட்டறை, மாற்றிய காலம் அது பந்தயம் ஓடிக்கொண்டிருந்த காலம். அதனால் அதன் இரண்டாவது பாடியை யாரும் குறையாகப் பேசுவதில்லை, முதல் பாடியைத் திரும்பக் கட்டு என்றும் சொல்வதில்லை. 2018இல் கலிஃபோர்னியாவின் மான்ட்ரே ஏலத்தில் அந்தக் கார் 48.4 மில்லியன் டாலருக்கு விற்றது, 1964இல் போட்ட பாடியோடு.